படர்க்கை, தன்மை, முன்னிலை: ஜார்ஜ் கார்லின் - ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க ஸ்டாண்ட்-அப் காமெடியன் ஜார்ஜ் கார்லின் கதைய எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. கோட்டு சூட்டு போட்டு டிவில நல்ல பிள்ளையா காமெடி பண்ணிட்டு இருந்தாரு, 1970 வாக்குல முடி வளத்து தாடி விட்டாரு, டிவில சொல்லக்கூடாத ஏழு வார்த்தைய மேடையில சொல்லி அரெஸ்ட் ஆனாரு, விஷயம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, ஆளு லெஜண்ட் ஆயிட்டாரு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன், ஆனா அவரோட ரெக்கார்டுகளையும் ஸ்பெஷல்களையும் (டிவிக்காக பதிவு பண்ற முழு நீள மேடை நிகழ்ச்சி) வருஷ வரிசைல வச்சு ஒண்ணு விடாம கேட்டு முடிச்சப்ப இந்த கதைக்குள்ள ஒரு பெரிய ஓட்டை தெரிஞ்சுது. 1970களோட பின்பாதியில அந்த தாடிக்காரர் கிட்டத்தட்ட காலியாகிட்டாரு. தாடியும் இருந்துச்சு, ஏழு வார்த்தையும் இருந்துச்சு, ஆனா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அதுலேந்து அவர் எப்படி மீண்டு வந்தாருங்கறதுதான் என்ன பொறுத்த வரைக்கும் நிஜமான கேஸ்.

அத புரிஞ்சுக்க எனக்கு உதவினது ஸ்கூல்ல படிச்ச இலக்கணம். தன்மை, முன்னிலை, படர்க்கை. மேடையில நிக்கிறவரு யாரா நிக்கிறாரு, யார பாத்து பேசுறாருங்கற கேள்வி. கார்லின் அம்பது வருஷத்துல இந்த இடத்த திரும்ப திரும்ப மாத்தியிருக்காரு, ஒவ்வொரு தடவையும் அதுக்கு விலையும் குடுத்திருக்காரு.

1937 மே 12, நியூயார்க் மன்ஹாட்டன்ல பிறந்தவரு. அப்பா நாளிதழ்ல விளம்பரம் விக்கிற மேனேஜர், நல்ல பேச்சுக்காரர், குடிச்சா கை ஓங்குற ஆளு. கார்லின் ரெண்டு மாச குழந்தையா இருக்கும்போதே அம்மா மேரி ரெண்டு பசங்களையும் தூக்கிட்டு வெளிய வந்துட்டாங்க, அப்பா 1945ல இறந்தும் போயிட்டாரு. அம்மாவுக்கு ஆஃபீஸ்ல செக்ரட்டரி வேலை. பையன் ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, ரேடியோதான் துணை. அம்மாவோட அப்பா நியூயார்க் போலீஸ்காரர், ஷேக்ஸ்பியர் எழுதினத ஆசைக்காக கையால பாத்து பாத்து எழுதுவாராம். அம்மாவும் அதே மாதிரி, தெரியாத வார்த்தை வந்தா உடனே போய் அகராதிய பாருன்னு பையன விரட்டுவாங்க. பின்னாடி வார்த்தைய வச்சே வாழ்ந்த மனுஷனுக்கு விதை இங்கதான் விழுந்திருக்கு, இத நான் ரொம்ப உறுதியா நம்புறேன்.

படிச்சது கார்பஸ் கிறிஸ்டின்னு ஒரு கத்தோலிக்க ஸ்கூல். அந்த காலத்து கத்தோலிக்க ஸ்கூல்னா பிரம்படின்னு நினைப்போம், ஆனா இது புது மாதிரி, மார்க் கிடையாது, பெஞ்ச ஆணி அடிச்சு வைக்கல, கேள்வி கேக்க விட்டாங்க. கேள்வி கேக்க கத்துக்கிட்ட பையன் அதே கேள்விய மதத்த பாத்தும் கேட்டுட்டான், அத அவரே மேடையில சொல்லியிருக்காரு. எட்டாவது முடிச்சதுக்கு அவர் கேட்டு வாங்கின பரிசு ஒரு டேப் ரெக்கார்டர். அதுல தானே ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி, விளம்பரக்காரர் மாதிரி பேசி பதிவு பண்ணி தெருப் பசங்களுக்கு போட்டு காட்டுவாரு.

ஹைஸ்கூல முடிக்கல. 1954ல, 17 வயசுல, விமானப்படையில சேர்ந்தாரு, ரேடார் ரிப்பேர் பண்ற வேலை, லூசியானாவுல பார்க்ஸ்டேல் தளம். அங்க இருந்தப்பவே பக்கத்து ஊரு ஷ்ரீவ்போர்ட்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன்ல டிஸ்க் ஜாக்கி ஆயிட்டாரு. படைக்கும் அவருக்கும் ஒத்துப்போகல, 1957ல அனுப்பிட்டாங்க. 1959ல டெக்சஸ்ல இன்னொரு ஸ்டேஷன்ல ஜாக் பர்ன்ஸ்ங்கற சக அறிவிப்பாளரோட சேர்ந்தாரு, ரெண்டு பேரும் ஜோடியா 1960ல கலிஃபோர்னியா கிளம்பினாங்க. சில மாசத்துலயே கிளப், ரெக்கார்டு, அந்த வருஷமே ஜாக் பார் நடத்தின டுநைட் ஷோங்கற பிரபல டிவி நிகழ்ச்சி. ரொம்ப சீக்கிரம் நடந்துச்சு. பர்ன்ஸ்கிட்ட கார்லின் எடுத்துக்கிட்ட பெரிய விஷயம் அரசியல் பார்வைதான், வீட்லயும் தெருவுலயும் கேட்டு வளர்ந்த வலதுசாரி பேச்ச முதல்ல ஆட்டி பாத்தவரு அவரு. 1962ல சண்டை இல்லாம பிரிஞ்சாங்க.

அதே வருஷம் டிசம்பர்ல சிகாகோவுல ஒரு சம்பவம். கேட் ஆஃப் ஹார்ன்ங்கற கிளப்ல லென்னி ப்ரூஸ்ங்கற காமெடியன் பேசிட்டு இருக்காரு, போலீஸ் வந்து ஆபாசம்னு அவர புடிச்சுது. ஆடியன்ஸ்ல உக்காந்திருந்தவங்ககிட்ட அடையாள அட்டை கேட்டாங்க, அதுல ஒருத்தர் காட்ட மாட்டேன்னுட்டாரு, அவரையும் அதே வண்டியில ஏத்தினாங்க. அந்த ஒருத்தர்தான் கார்லின், வயசு 25. கார்லின்-பர்ன்ஸ் ஜோடிக்கு ஏஜென்சி கிடைக்க சொல்லி உதவினதே ப்ரூஸ்தான். ஆனா இந்த சம்பவத்துக்கு அப்புறம் கார்லின் ப்ரூஸ் மாதிரி ஆயிட்டாரான்னா, இல்ல. அப்புறம் எட்டு வருஷம் அவர் டிவியோட நல்ல பிள்ளை. ஒரு போலீஸ் வண்டி பயணம் யாரையும் ஒரே ராத்திரில மாத்திடாது, கதை சொல்றவங்கதான் அப்படி மாத்தி சொல்றாங்க.

படர்க்கை காலம்

1960கள்ல அவர் பண்ணதெல்லாம் பாத்திரங்கள். பழங்குடி வீரர்களுக்கு பயிற்சி குடுக்குற சார்ஜென்ட், வாய் ஓயாம கத்துற பாப் ரேடியோ அறிவிப்பாளர், போதையில வானிலை சொல்ற அல் ஸ்லீட். எல்லாமே "அவன்". ஒரு இடத்துலயும் கார்லின் இல்ல. குரல் மாத்துறதுல அவ்வளவு கெட்டிக்காரர், சிறு வயசுல டேப் ரெக்கார்டர்ல பண்ணத அப்படியே பெருசாக்கி மேடைக்கு கொண்டு வந்துட்டாரு. எட் சல்லிவன் ஷோ, மெர்வ் கிரிஃபின் ஷோ, டுநைட் ஷோன்னு எல்லா இடத்துலயும் கூப்பிட்டாங்க. 1967ல முதல் சோலோ ரெக்கார்டு. லாஸ் வேகாஸ்ல ஃப்ரான்டியர் ஹோட்டல்ல வாரத்துக்கு பத்தாயிரம் டாலருக்கு மேல சம்பளம், அந்த காலத்துல அது எவ்வளவு பெரிய காசுன்னு யோசிச்சு பாருங்க.

அவரோட சின்ன வயசு திட்டம் காமெடி நடிகர் டேனி கே மாதிரி ஆகணும்ங்கறது. முதல்ல ரேடியோ, அப்புறம் ஸ்டாண்ட்-அப், அப்புறம் சினிமா ஹீரோ. நடிப்புல இறங்கி பாத்தப்ப தனக்கு அது வரலன்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு. அதாவது எந்த மலை உச்சிக்காக நல்ல பிள்ளையா இருந்தாரோ அந்த மலையே அவருக்கு இல்ல. அதோட வயசு 30 தாண்டுது, வெளிய வியட்நாம் போர், தெருவெல்லாம் போராட்டம், அவரோட பழைய நண்பர்கள் எல்லாம் இசைக்காரங்க, நீளமா முடி வச்சவங்க. தான் யார சிரிக்க வைக்கிறோமோ அவங்க எல்லாம் தனக்கு புடிச்ச இளைஞர்களோட அப்பா அம்மான்னு அவர் பின்னாடி சொல்லியிருக்காரு. எல்எஸ்டிங்கற போதைப்பொருளும் இந்த மாற்றத்துல பங்கு வகிச்சுதுன்னு மறைக்காம சொன்னவரு.

1969ல ஃப்ரான்டியர் மேடையில பின்புறத்த குறிக்கிற ஒரு சாதாரண கொச்சை வார்த்தைய சொன்னதுக்கு சஸ்பெண்ட் பண்ணாங்க. 1970ல மலத்த குறிக்கிற வார்த்தைக்கு ஒரேயடியா அனுப்பிட்டாங்க. அந்த வருஷ கடைசியில விஸ்கான்சின்ல ஒரு ப்ளேபாய் கிளப்ல போர் பத்தி பேசினதுக்கு ஆடியன்ஸ் எதிரா கத்தி, நிகழ்ச்சி பாதியில கெட்டுப்போச்சு. அதுக்கப்புறம் தெளிவா ஒரு முடிவு, இனி காபி ஹவுஸ், காலேஜ். சம்பளம் பல மடங்கு கீழ. வீட்ல மனைவி ப்ரெண்டா, ஏழு வயசு மக கெல்லி. இந்த முடிவ படிக்கிறப்ப சுலபமா தெரியும், ஆனா மாச வாடகை கட்டுற யாரும் ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சா இதோட கனம் புரியும்.

தன்மை காலம், ஏழு வார்த்தை

1972 ஆரம்பத்துல எஃப்எம் அண்ட் ஏஎம்னு ஒரு ரெக்கார்டு வந்துச்சு. ஒரு பக்கம் பழைய கார்லின், இன்னொரு பக்கம் புது கார்லின், மாற்றத்தையே ஒரு தட்டுல ரெண்டு பக்கமா வச்சு காட்டிட்டாரு, அதுக்கு கிராமி கிடைச்சுது. அதே வருஷம் கிளாஸ் க்ளவுன். இதுல வர்ற ஆளு யாரோ ஒரு வானிலைக்காரன் இல்ல, கார்பஸ் கிறிஸ்டி ஸ்கூல்ல கடைசி பெஞ்ச்ல சத்தம் போட்டு சிரிக்க வச்ச பையன், அவரேதான். "நான்" வந்துடுச்சு. எல்லாரும் கெட்ட வார்த்தைய பத்தி பேசுறாங்க, ஆனா அந்த ரெக்கார்டுல பெரும்பகுதி ஒரு சின்ன பையனோட ஸ்கூல் நாட்கள், பாவமன்னிப்பு கேக்க எந்த பாதிரியார்கிட்ட போனா சுலபம்ங்கற மாதிரி விஷயங்கள், அவ்வளவு பாசமா இருக்கும்.

சரி, ஏழு வார்த்தை. நம்ம இலக்கணத்துல இடக்கரடக்கல்னு ஒண்ணு இருக்குல்ல, சபையில சொல்லக்கூடாத வார்த்தைய மறைச்சு வேற மாதிரி சொல்றது, கால் கழுவிட்டு வந்தான்ங்கற மாதிரி. அந்த பழக்கத்து மேலதான் கார்லின் கை வச்சாரு. அவர் வாதம் சாதாரணமானது, நாலு லட்சம் வார்த்தை இருக்கு, அதுல ஏழு மட்டும் அவ்வளவு கெட்டதா, யாரு முடிவு பண்ணது, சில வார்த்தை பாதி நேரம் நல்லது பாதி நேரம் கெட்டதா இருக்கே அது எப்படி. ஒரு மொழி ஆசிரியர் க்ளாஸ் எடுக்குற மாதிரி ஒவ்வொண்ணா பிரிச்சு வைக்கிறாரு. அதிர்ச்சி குடுக்குறது முதல் நிமிஷம்தான், மீதி முழுக்க ஆராய்ச்சி.

1972 ஜூலை 21, மில்வாக்கி சம்மர்ஃபெஸ்ட் விழா மேடையில இத பேசினாரு. போலீஸ் காத்துட்டு இருக்குன்னு சொல்றதுக்காக ப்ரெண்டா ஒரு க்ளாஸ் தண்ணிய எடுத்துட்டு மேடைக்கே போய் காதுல சொல்லிட்டு வந்தாங்க. நிகழ்ச்சி முடிஞ்சதும் அரெஸ்ட். டிசம்பர்ல நீதிபதி, பேச்சு நாகரிகம் இல்லாததுதான், ஆனா பேச்சுரிமை இருக்கு, கலவரம் எதுவும் நடக்கலன்னு சொல்லி கேஸ தள்ளுபடி பண்ணாரு.

பெரிய கேஸ் இது இல்ல, அதுல கார்லின் கட்சிக்காரரே கிடையாது. 1973 அக்டோபர் 30, மதியம் ரெண்டு மணி வாக்குல நியூயார்க்ல டபிள்யூபிஏஐங்கற ரேடியோ அவரோட பன்னிரண்டு நிமிஷ பேச்ச, அடுத்த ரெக்கார்டுலேந்து எடுத்து, எச்சரிக்கை சொல்லிட்டுத்தான் போட்டுச்சு. மகனோட கார்ல போயிட்டு இருந்த ஒருத்தர் கேட்டுட்டு தகவல் தொடர்பு ஆணையத்துக்கு, அதாவது எஃப்சிசிக்கு புகார் எழுதினாரு. வந்தது ஒரே ஒரு புகார்தான். ஆணையம் அபராதம் போடல, ஆனா ஸ்டேஷனோட உரிமக் கோப்புல இத குறிச்சு வைப்போம், இனி புகார் வந்தா கணக்குல எடுப்போம்னு சொல்லுச்சு. ஸ்டேஷன் நடத்துற பசிஃபிகா அறக்கட்டளை கோர்ட்டுக்கு போச்சு, மேல்முறையீட்டுல ஜெயிச்சுது, 1978 ஜூலை 3 சுப்ரீம் கோர்ட்ல 5க்கு 4ல தோத்துச்சு.

தீர்ப்ப எழுதினவரு நீதிபதி ஸ்டீவன்ஸ். இந்த பேச்சு சட்டப்படி ஆபாசம் இல்ல, ஆனா அநாகரிகம். வானலை வீட்டுக்குள்ள நேரா நுழையுது, எழுத படிக்க தெரியாத குழந்தை காதுலயும் விழுது, அதனால நேரத்த பாத்து கட்டுப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, இதுதான் சாரம். வீட்டுக் கூடத்துக்குள்ள பன்றி வந்துருச்சுன்னா அந்த பன்றி ஆபாசமானதான்னு நிரூபிக்க தேவையில்லன்னு ஒரு உவமையும் சொன்னாரு. எதிர்த்து எழுதின நீதிபதி ப்ரென்னன், தங்களுக்கு சரின்னு படுற நாகரிகத்த நாட்டுல எல்லார் மேலயும் ஏத்துறாங்கன்னு கடுமையா எழுதினாரு, இந்த வார்த்தைகள தினசரி பேச்சுல சாதாரணமா பயன்படுத்துற மக்களும் இதே நாட்டுலதான் இருக்காங்கங்கறது அவரோட கவலை. எனக்கு ப்ரென்னன் பக்கம்தான் நியாயம் தெரியுது, ஆனா கார்ல பையனோட உக்காந்திருந்த அப்பாவோட சங்கடம் எனக்கு புரியாம இல்ல, நேரம் பாத்து ஒலிபரப்புங்கறது அவ்வளவு அநியாயமான கோரிக்கையும் இல்ல. பின்னாடி ராத்திரி பத்துலேந்து காலை ஆறு வரைக்கும்னு அமெரிக்க வானலைக்கு வந்த தளர்வு நேரத்துக்கு வேர் இந்த தீர்ப்புதான். 2006ல ஒரு மீறலுக்கு 3,25,000 டாலர் வரைக்கும் அபராதம்னு சட்டம் வந்துச்சு, எல்லாத்துக்கும் அடியில இந்த பன்னிரண்டு நிமிஷம் இருக்கு. ரேடியோவுல போடக்கூடாதுன்னு சொன்ன அந்த பேச்ச முழுசா எழுத்துல எடுத்து தீர்ப்போட பின்னிணைப்பா கோர்ட்டே சேர்த்துடுச்சு, அமெரிக்க சட்டக் கல்லூரியில படிக்கிற பசங்க இன்னைக்கும் அத வார்த்தைக்கு வார்த்தை படிக்கிறாங்க.

ஓட்டை

இப்ப நான் முதல்ல சொன்ன இடத்துக்கு வர்றேன். கோர்ட்ல பேரு நிலைச்ச அதே 1978ல கார்லினோட நிலைமை என்ன? மார்ச்ல முதல் ஹார்ட் அட்டாக். வயசு 40. வருஷக்கணக்கா கொக்கெய்ன். 1975 அக்டோபர் 11, சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியோட முதல் எபிசோடுக்கு தொகுப்பாளர் அவர்தான், அன்னைக்கும் போதையிலதான் இருந்தாரு, நாடகக் காட்சி எதுலயும் நடிக்கல, தனியா நின்னு பேசிட்டு மட்டும் போனாரு. ப்ரெண்டாவுக்கு குடி, வீட்ல கத்தியும் சண்டையும். ஹவாய்க்கு விடுமுறை போன இடத்துல மக கெல்லி, பத்து பதினோரு வயசு பொண்ணு, ஒரு காகிதத்துல ஒப்பந்தம் எழுதி இந்த விடுமுறை முடியிற வரைக்கும் போதைப்பொருள் தொட மாட்டோம்னு அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிச்சு. இந்த ஒரு காட்சிய படிச்சதுக்கு அப்புறம் அந்த காலத்து ரெக்கார்டுகள பழைய மாதிரி என்னால கேக்க முடியல.

மெட்டீரியலும் வத்திப்போச்சு. சொந்த வாழ்க்கைய பேசுறவங்க எல்லாருக்கும் வர்ற பிரச்சனை இது, பால்யம்ங்கறது ஒரே ஒரு கிணறு, அத மூணு ரெக்கார்டுல இறைச்சுட்டாரு. அப்புறம் நாய், பூனை, ஃப்ரிட்ஜ்ல கெட்டுப்போன மிச்ச சாப்பாடு, இந்த மாதிரி சின்ன சின்ன கவனிப்புகள். சிரிப்பு வரும், ஆனா பேசுறவருக்கு அதுல ஒரு பணயமும் இல்ல. புது ஆளுங்க மேல வந்துட்டாங்க, அவர நேத்தைய ஆளா பாக்க ஆரம்பிச்சாங்க. வருமான வரிய வேற வருஷக்கணக்கா கவனிக்காம விட்டிருக்காரு, பாக்கியும் வட்டியும் மலை மாதிரி நிக்குது.

ஸ்பெஷல்களோட தேதிய மட்டும் வரிசையா எழுதி பாருங்க, கேஸ் தானா தெரியும். ஹெச்பிஓங்கற கேபிள் சேனல்ல முதல் ஸ்பெஷல் 1977, ரெண்டாவது 1978. அப்புறம் நாலு வருஷம் ஒண்ணுமே இல்ல. 1982ல ரெண்டாவது ஹார்ட் அட்டாக், முதல விட மோசமானது, அதே வருஷத்துல நியூயார்க் கார்னகி ஹால்ல மூணாவது ஸ்பெஷல். அதுக்கப்புறம் 84, 86, 88, 90, 92. கடிகாரம் மாதிரி ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. சீட்டு மாதிரி கலைஞ்சு கிடந்த ஆளு எப்படி இப்படி ஆனாரு?

எனக்கு தெரிஞ்சு மூணு காரணம் ஒண்ணோட ஒண்ணு பின்னி கிடக்கு. வரி பாக்கிதான் பெருசு. மேனேஜரா ஜெர்ரி ஹாம்சா வந்து கணக்க கையில எடுத்தாரு, கடன அடைக்க கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆச்சு, அதுக்காக வருஷம் பூரா ஊர் ஊரா மேடை ஏறியே ஆகணும். அந்த கட்டாயம்தான் தன்ன நல்ல காமெடியனா ஆக்குச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு, வரித்துறை மேல கோபம் கூட படல. கேபிள் டிவிங்கறது இன்னொண்ணு. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வானலைக்குத்தான், காசு கட்டி வீட்டுக்கு கம்பி இழுத்து பாக்குற சேனலுக்கு அது செல்லாது. 1977 ஸ்பெஷல்ல கூட கடைசி பகுதிக்கு முன்னாடி படத்த நிறுத்தி, இனி வர்றது கடுமையான மொழின்னு எச்சரிக்கை போட்டாங்க, அவ்வளவு பயந்து ஆரம்பிச்ச ஹெச்பிஓதான் 2008 வரைக்கும் அவருக்கு மொத்தம் 14 ஸ்பெஷல் குடுத்துச்சு. கோர்ட் ஒரு கதவ சாத்தினப்ப ஏற்கனவே பக்கத்துல இன்னொரு கதவு திறந்திருந்துச்சு, இது அவரோட அதிர்ஷ்டம், லென்னி ப்ரூஸுக்கு அது கிடைக்கல, அவரு 1966லயே போயிட்டாரு.

மிச்சம் இருக்குறது எழுத்து, என் மனசுக்கு நெருக்கமானதும் அதுதான். கார்லின் தன்ன முதல்ல எழுத்தாளர்னுதான் சொல்லிக்குவாரு, தான் எழுதினத தானே நடிச்சு காட்டுற எழுத்தாளர். மனசுல தோணுறத கைல கிடைச்ச காகிதத்துல குறிச்சு, தலைப்பு வாரியா பிரிச்சு, ஃபைல்ல போட்டு வைப்பாரு. ஒரு யோசனை வருஷக்கணக்கா ஃபைல்ல கிடக்கும், பக்கத்துல இன்னொண்ணு வந்து சேரும், ஒரு நாள் அது ரெண்டும் ஒட்டிக்கும். மேடையில பேசுறது தோணினபடி பேசுறது இல்ல, வார்த்தைக்கு வார்த்தை எழுதி, மனப்பாடம் பண்ணி, ஊர் ஊரா ஓட்டி, எங்க மூச்சு விடணும்ங்கறது வரைக்கும் செதுக்கினது. ஸ்பெஷல் பதிவு ஆனதும் அந்த ஒரு மணி நேரத்த ஓரம் கட்டிட்டு மறுபடி முதல்லேந்து ஆரம்பிப்பாரு. அரைச்ச மாவையே அரைச்சு இருபது வருஷம் ஓட்டின காமெடியன்கள் நடுவுல இது எவ்வளவு பெரிய துணிச்சல். பின்னாடி வந்த காமெடியன் லூயி சி.கே. தன் வழியையே மாத்தினது இந்த பழக்கத்த பாத்துத்தான்னு பொது மேடையில சொல்லியிருக்காரு.

முன்னிலை

80கள் கடைசியில சாம் கினிசன் மாதிரி புது காமெடியன்களோட சத்தத்த பாத்து, தானும் குரல உயர்த்தலன்னா காணாம போயிடுவோம்னு கார்லினுக்கு தோணியிருக்கு. 1990 ஸ்பெஷல்ல ஒரு பகுதி, போர்ல மனசு உடைஞ்சு போற சிப்பாயோட நிலைக்கு முதல் உலகப்போர்ல இருந்த பேரு, ஷெல் ஷாக், ரெண்டே அசைல நெஞ்சுல குத்துற மாதிரி இருந்துச்சு, அடுத்தடுத்த போர்ல பேரு நீண்டுகிட்டே போய், வியட்நாம் காலத்துல போஸ்ட்-ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்னு எட்டு அசை மருத்துவ வார்த்தையா ஆயிடுச்சு, வலி அந்த வார்த்தைக்குள்ள புதைஞ்சு போச்சு, பழைய பேரே இருந்திருந்தா அந்த பசங்களுக்கு உதவியாவது கிடைச்சிருக்கும்ங்கறாரு. பாருங்க, இது அதே இடக்கரடக்கல் கேள்விதான். 1972ல பையனோட குறும்பா கேட்டது இப்ப ஒரு குற்றச்சாட்டா மாறியிருக்கு. ஏழு கெட்ட வார்த்தைய விட இந்த எட்டு அசை சுத்தமான வார்த்தைதான் அவருக்கு அசிங்கமா பட்டுச்சு. அவரோட மொத்த வேலையில ஒண்ணே ஒண்ணுதான் கேக்க நேரம் இருக்குன்னா இத கேளுங்கன்னுதான் சொல்லுவேன்.

1992ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்துல பதிவான ஸ்பெஷல்தான் தன்னோட சிறந்ததுன்னு அவரே நினைச்சாரு. வளைகுடா போர் பத்தியும், பூமிய காப்பாத்தறோம்னு சொல்ற நம்ம கர்வத்த பத்தியும் நீளமான பகுதிகள், ஜோக் வரிசை இல்ல, கட்டுரை. "நீங்க", "நாம"ன்னு நேரா முகத்த பாத்து பேச்சு. முன்னிலைக்கு வந்துட்டாரு. இதே வருஷங்கள்ல குழந்தைங்க டிவி நிகழ்ச்சில தாமஸ் ரயில் எஞ்சின் கதை சொல்ற குட்டி கண்டக்டராவும் வந்தாரு, முரண்பாடு மாதிரி தெரியும், ஆனா குரல வச்சு கதை சொல்ற அந்த டேப் ரெக்கார்டர் பையனுக்கு இது ரொம்ப இயல்பு. 1994ல ஃபாக்ஸ்ல ஒரு சிட்காம், 27 எபிசோடோட முடிஞ்சுது, பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

1997 மே 11, அவரோட அறுபதாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், ப்ரெண்டா ஈரல் புற்றுநோய்ல இறந்தாங்க. கிட்டத்தட்ட 36 வருஷ வாழ்க்கை. அடுத்த வருஷம் சாலி வேட கல்யாணம் பண்ணிக்கிட்டாரு.

இதுக்கு அப்புறம் வந்த ஸ்பெஷல்கள்ல எனக்கு ஒரு குறை உண்டு. மனுஷ இனத்தோட முடிவுல தனக்கு அக்கறை இல்ல, ஓரமா உக்காந்து வேடிக்கை பாக்குறேன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. "நாம" போய் "அவங்க" வந்துடுச்சு, திரும்ப படர்க்கை. மொழி இன்னும் கூர்மையாச்சு, 2005ல நவீன மனுஷன் பத்தின அந்த ஆரம்ப பகுதி மூச்சு விடாம ஓடுற ஓட்டத்துக்காகவே கேக்கலாம், ஆனா ஆடியன்ஸ அணைச்சுக்கிட்டு திட்டின கார்லின் அங்க கொஞ்சம் கம்மி. நிறைய பேரு செத்தா எனக்கு கொஞ்சம் புடிக்கும்ங்கற அர்த்தத்துல தலைப்பு வச்சு 2001ல ஒரு ஸ்பெஷல் தயார் பண்ணியிருந்தாரு, செப்டம்பர் 9, 10 தேதிகள்ல ஒத்திகை நிகழ்ச்சியும் ரெக்கார்டு ஆச்சு, மறுநாள் இரட்டை கோபுரம் விழுந்துச்சு. தலைப்ப மாத்தி, பேரழிவு பத்தி பேசின முடிவுப் பகுதிய எடுத்துட்டு நவம்பர் 17ல நியூயார்க்லயே போய் நின்னு வேற ஒரு மணி நேரத்த குடுத்தாரு. ஃபைல் இருந்ததால முடிஞ்சுது. எடுத்து வச்ச அந்த பதிவு 2016ல தான் வெளிய வந்துச்சு.

2004 கடைசியில லாஸ் வேகாஸ்ல எம்ஜிஎம் கிராண்ட்ல ஆடியன்ஸோட வாக்குவாதம், ஒப்பந்தம் முடிஞ்சுது. அதே டிசம்பர்ல வைகோடின்ங்கற வலி மாத்திரைக்கும் ஒயினுக்கும் அடிமையாயிட்டேன்னு வெளிப்படையா சொல்லி, 67 வயசுல தானே போய் மறுவாழ்வு மையத்துல சேர்ந்தாரு. யாரும் புடிச்சு தள்ளல, இத நான் அவரோட பெரிய சாதனைல ஒண்ணா வைப்பேன்.

2024 ஜனவரில ஒரு பாட்காஸ்ட் கோஷ்டி அவர் குரல செயற்கை நுண்ணறிவுல உருவாக்கினதா சொல்லி, அவர் செத்த பிறகு புதுசா பேசுற மாதிரி ஒரு மணி நேரம் வெளியிட்டுச்சு. குடும்பம் வழக்கு போட்டு, ஏப்ரல்ல சமரசம் ஆகி அத எடுத்துட்டாங்க. கெல்லி கொதிச்சதுல நியாயம் இருக்கு. அந்த குரலோட ஏத்த இறக்கம் மட்டும்தான் அதுல இருந்துச்சு. அடுத்த தடவை எந்த இடத்துல நின்னு பேசுவாருன்னு அவரே மாத்திட்டு இருந்த மனுஷன, நேத்து பேசினத வச்சு எப்படி கணிக்கிறது?

அதுக்கு சாட்சி கடைசி ஸ்பெஷல். 2008 மார்ச் 1, கலிஃபோர்னியாவுல சான்டா ரோசா, வயசு 70. நவீன மனுஷனும் இல்ல, நாசமா போற உலகமும் முதல்ல இல்ல. வயசாயிடுச்சு, நண்பர்கள் ஒவ்வொருத்தரா போறாங்க, செத்துப்போனவரோட பேர அட்ரஸ் புக்குலேந்து எத்தனை வாரம் கழிச்சு அழிக்கலாம், உடனே அழிச்சா மனசு கேக்கல, விட்டு வைக்கவும் முடியல. "நான்" திரும்ப வந்துடுச்சு, 36 வருஷம் முன்னாடி கிளாஸ் க்ளவுன் ரெக்கார்டுல வந்த அதே கடைசி பெஞ்ச் பையன், இப்ப தாத்தாவா.

ஜூன் மாசம் அமெரிக்க நகைச்சுவைக்கான மார்க் ட்வெயின் விருது அவருக்குன்னு அறிவிச்சாங்க. அதே மாசம் 15ஆம் தேதி கடைசி மேடை, லாஸ் வேகாஸ்ல ஆர்லியன்ஸ் ஹோட்டல், அவர மூணு தடவை வெளிய அனுப்பின அதே ஊரு. 22ஆம் தேதி சான்டா மோனிகாவுல ஹார்ட் நின்னுபோச்சு. விருத நவம்பர்ல குடும்பம்தான் வாங்குச்சு. சேர்த்து வச்ச காகிதமெல்லாம் இப்ப நியூயார்க் மாநிலத்துல ஜேம்ஸ்டவுன்ல இருக்குற தேசிய நகைச்சுவை மையத்துல இருக்கு.